பரணிலிருந்து பண்டகசாலை வரை

நவராத்திரி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஏதேனும் ஒரு வீட்டினுள் நுழைந்து பாருங்கள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும். பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றி வைத்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். தசாவதார வரிசையில் ஒன்பது பேர் வந்துவிடுவார்கள். வாமனரை மட்டும் காணோம். “போன வருஷம் எந்தப் பெட்டியில் வைத்தோம்?” என்று வீடே தேடும்.

கொலுப் படிகளின் பக்கத்தில் குழந்தைகள் ‘பார்க்’ அமைப்பார்கள். முன்பெல்லாம் மணலும் கடுகுப் பயிரும் கண்ணாடித் துண்டுக் குளமும் இருந்த இடத்தில் இப்போது பல வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகளும் வந்துவிட்டன. ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தினால் பற்றிக்கொள்ளும் கட்டைகள். அவற்றைக் கொண்டு இராஜகோபுரம் கட்டலாம் என்று ஒரு சிறுவன் முயல்கிறான். பாதியில் கட்டைகள் தீர்ந்துபோகின்றன. பக்கத்து வீட்டுப் பையனின் பெட்டியிலிருந்து சில கட்டைகளைக் கடன் வாங்குகிறான். பார்வைக்கு அதே அளவுதான், ஆனால் பொருந்தவில்லை. சில இறுகிக்கொள்கின்றன, சில கழன்று விழுகின்றன.

காணாமற்போன வாமனர், பொருந்தாத கட்டை: வீட்டில் இவை சிறு தொல்லைகள்தாம். ஆனால் ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடிக் கட்டைகளைச் செய்து, சேமித்து, அனுப்பும் ஒரு தொழிற்சாலைக்கு இவ்விரண்டும்தான் தலையாய சிக்கல்கள். அது எப்படி என்பதைக் கணக்குப் போட்டே காண்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தச்சரின் பட்டறை

இவ்வகைக் கட்டைகளில் உலகெங்கும் பெயர் பெற்றது ‘லெகோ’. டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார். 1940-களின் பிற்பகுதியில் அவர் பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். 1949-இல் முதல் பிளாஸ்டிக் கட்டைகள் வெளிவந்தன. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் முன்பே செய்திருந்த கட்டைகளைப் பார்த்து உருவானவை அவை.

அந்த முதல் கட்டைகள் உள்ளே வெறும் கூடு. அடுக்கலாம், தூக்கினால் கழன்றுவிடும். கட்டையின் உட்புறத்தில் சிறு குழல்களை வைக்கும் வழி பிறகுதான் தோன்றியது. கீழ்க் கட்டையின் குமிழ்கள் மேல் கட்டையின் சுவருக்கும் குழலுக்கும் நடுவே புகுந்து இறுகிக்கொள்ளும். இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 ஜனவரி 28 அன்று பதிவாயிற்று. 1960-இல் நிறுவனத்தின் மரப் பொம்மைக் கிடங்கு தீக்கிரையாயிற்று. அத்துடன் மரத்தை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கில் மட்டுமே கவனம் செலுத்த முடிவு செய்தார்கள். ஒரு கிடங்கு எரிந்ததால் ஒரு தொழிலின் திசையே மாறியது!

1958-இல் வார்த்த கட்டை இன்று வார்க்கும் கட்டையோடும் பொருந்துகிறது. தாத்தா விளையாடிய கட்டைமேல் பேரன் தன் கட்டையை வைத்து அழுத்தலாம். இது சாதாரண வாக்குறுதி அன்று. இதைக் காப்பாற்ற என்ன வேண்டும்?

அச்சும் பிளாஸ்டிக்கும்

பண்ருட்டியிலோ காஞ்சிபுரத்திலோ கொலு பொம்மை செய்பவர்கள் களிமண்ணை அச்சில் அழுத்தி உருவெடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். ஒரே அச்சில் பிறந்த இரண்டு பிள்ளையார்களும் அளவில் சற்று வேறுபடுவார்கள். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. பிள்ளையார் தனியாகத்தானே உட்காரப் போகிறார்! ஆனால் கட்டை தனியாக உட்காருவதில்லை. முன்பின் அறியாத இன்னொரு கட்டையோடு அது சேர வேண்டும்.

லெகோ கட்டைகள் 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று சேர்மங்களின் முதலெழுத்துகளே இப்பெயர். முதலாவது விறைப்பையும், இரண்டாவது அடி தாங்கும் தன்மையையும், மூன்றாவது பளபளப்பையும் தருகின்றன. அதற்கு முன் பயன்பட்ட செல்லுலோஸ் அசிட்டேட் நாளடைவில் கோணிப்போகும் இயல்புடையது. ஏ.பி.எஸ். அப்படிக் கோணுவதில்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்று 2012-இல் இங்கிலாந்தின் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டுக்கு இரண்டு குமிழ்கள் உள்ள ஒரு கட்டை நசுங்க வேண்டுமானால், அதன்மேல் அதே போன்ற 3,75,000 கட்டைகளின் எடை அழுத்த வேண்டும் என்று தெரிந்தது. அத்தனையையும் அடுக்கினால் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரும். 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர் உயரமுள்ள ஸ்ரீரங்கம் இராஜகோபுரத்தைப் போல ஐம்பது கோபுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த உயரம்!

செய்முறை எளிது. அரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகளை 230 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்கி, உருகிய குழம்பை மிகுந்த அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். சில வினாடிகளில் அது குளிர்ந்து இறுகுகிறது. அச்சு திறக்கிறது, கட்டைகள் விழுகின்றன, அச்சு மூடுகிறது. ஏ.பி.எஸ்.ஸும் குளிரும்போது சுருங்கும். நூற்றுக்கு அரைப் பங்கு அளவில். ஆனால் அந்தச் சுருக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்குமாறு வெப்பத்தையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தலாம். அந்த அளவுக்கு அச்சைச் சற்றுப் பெரிதாகக் கடைந்துவிட்டால் போதும். மண் பொம்மைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முடியிழையினும் நுண்ணிய அளவு

எட்டுக் குமிழ்கள் உள்ள வழக்கமான கட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மி.மீ. நான்கு குமிழ் நீளத்துக்குக் கிடைக்கும் இடம் 32 மி.மீ. ஆனால் கட்டையின் நீளம் 31.8 மி.மீ.தான்! 0.2 மி.மீ. எங்கே போயிற்று? அடுத்தடுத்து வைக்கும் கட்டைகள் ஒன்றையொன்று நெருக்காமல் இருக்க வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதைப் போல.

இப்போது ஒவ்வொரு கட்டையும் தனக்குரிய இடத்தைவிட 0.1 மி.மீ. மட்டும் நீண்டுவிட்டது என்று கொள்வோம். ஒரு கட்டையில் இது கண்ணுக்கே தெரியாது. பத்துக் கட்டைகளை வரிசையாக வைத்தால் பிழை 1 மி.மீ. ஆகிவிடும். இருபது வைத்தால் 2 மி.மீ.; குமிழுக்குக் குமிழ் உள்ள தூரத்தில் கால் பங்கு. அடிப்பலகையின் குமிழ்கள்மேல் அவை உட்காரவே உட்காரா. பிழை தனியாக இருக்கும்போது சிறியது. வரிசையில் நிற்கும்போது கூடிக்கொண்டே போகும். நம் சிறுவனின் கோபுரம் பாதியில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

குமிழின் பிடிப்போ இதைவிட நுண்ணியது. சற்றே தடித்தால் குழந்தையால் பிரிக்க முடியாது. சற்றே மெலிந்தால் தானே கழலும். ஆகவே லெகோ அச்சுகளில் 0.005 மி.மீ.க்கு மேல் பிழை இருக்கக்கூடாது. ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு, சில முடிகளில் இருபதில் ஒரு பங்கு அது! பொன்மலை இரயில்வே பணிமனையிலோ திருவெறும்பூர் பெல் ஆலையிலோ பணி செய்யும் உறவினர் உங்களுக்கு இருந்தால், ‘அனுமதிக்கத்தக்க பிழை’ என்றால் என்ன என்று கேளுங்கள். எந்த நட்டும் எந்தப் போல்ட்டிலும் சேர வேண்டும் என்ற அதே நியதிதான் இந்தப் பொம்மையிலும் இருக்கிறது.

கட்டையின் உட்புறத்தை உற்றுப் பாருங்கள். சின்னஞ்சிறு எண்கள் தெரியும். எந்த அச்சில், அந்த அச்சின் எந்தக் குழியில் பிறந்தது என்பதற்கான அடையாளம் அது. பிழையான கட்டை ஒன்று அகப்பட்டால் அதன் பிறப்பிடத்தைத் தேடிப் பிடித்துவிடலாம்.

எண்ணிக்கையைத் தொட்டுப் பார்ப்போம்

2012-ஆம் ஆண்டில் லெகோ நிறுவனம் வார்த்த துண்டுகள் 4,570 கோடி. இந்த எண்ணை வாயால் சொல்லலாம். மனத்தால் பிடிக்க முடியாது. வகுத்துப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 365 நாள். எனவே நாளொன்றுக்குச் சுமார் 12.5 கோடி. மணிக்கு 52 லட்சம். வினாடிக்கு ஏறத்தாழ 1,450. இந்த வரியை நீங்கள் படித்து முடிக்க ஐந்து வினாடி ஆகுமானால், அதற்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் பிறந்திருக்கும்.

இதற்கு எத்தனை இயந்திரங்கள் வேண்டும்? ஓர் அச்சில் எட்டுக் குழிகள் என்றும், ஒரு முறை வார்க்கப் பத்து வினாடி என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 86,400 வினாடிகள். எனவே 8,640 முறை வார்க்கலாம். எட்டால் பெருக்க, 69,120 கட்டைகள். 12.5 கோடியை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 1,800 இயந்திரங்கள் இரவு பகலாக ஓட வேண்டும் என்று கிடைக்கிறது. இது நம் தோராயக் கணக்கு. ஒரே ஊரில் இத்தனையையும் வைப்பதில்லை. டென்மார்க்கைத் தவிர ஹங்கேரி, மெக்சிகோ, சீனம் ஆகிய நாடுகளிலும், 2025 முதல் வியட்நாமிலும் வார்ப்பு ஆலைகள் உள்ளன.

பிழைக்கும் கணக்கு உண்டு. பத்து லட்சம் துண்டுகளில் 18 மட்டுமே குறையுள்ளவை என்று நிறுவனம் கூறியிருக்கிறது. தேர்வில் இவ்வளவு சிறு பிழை செய்தால் முழு மதிப்பெண்தான்! ஆனால் 4,570 கோடிக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கை பெருகும்போது, ‘அரிது’ என்று நாம் சொல்லுவதெல்லாம் அன்றாட நிகழ்ச்சியாகிவிடுகிறது.

எத்தனை களஞ்சியம் நிரம்பும்?

அரங்கநாதர் கோயிலுக்குள் ‘கொட்டாரம்’ எனப்படும் நெற்களஞ்சியங்கள் ஐந்து இருக்கின்றன. வட்ட வடிவில் உயர்ந்து நிற்கும் அவற்றை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அத்தகைய களஞ்சியம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்குக்காக அதன் விட்டம் 6 மீட்டர், உயரம் 9 மீட்டர் என்று வைப்போம். உருளையின் கன அளவுச் சூத்திரப்படி, 3.14 × 3 × 3 × 9 = ஏறத்தாழ 254 கன மீட்டர்.

எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்றின் கன அளவு, குமிழ் உயரத்தையும் சேர்த்து, சுமார் 6 கன செ.மீ. ஆனால் ஒழுங்காக அடுக்காமல் கொட்டிவைத்தால் நடுவே காற்றிடம் மிகும். ஒரு கட்டைக்கு 10 கன செ.மீ. என்று கொள்ளலாம். ஒரு லிட்டர் படியில் நூறு கட்டை. அப்படியானால் 12.5 கோடிக் கட்டைகளுக்கு 1,250 கன மீட்டர் இடம் வேண்டும். நம் கற்பனைக் களஞ்சியங்கள் ஐந்தும் ஒரே நாளில் நிரம்பிவிடும்! உண்மையில் துண்டுகளில் பல இதைவிடச் சிறியவை. பாதி என்று குறைத்துக்கொண்டாலும் நாளுக்கு இரண்டரைக் களஞ்சியம்.

அன்றன்றே விற்றுவிட்டால் இடம் வேண்டாமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நெல்லை ஏன் சேமிக்கிறோம்? அறுவடை ஆண்டில் சில வாரங்களில் நடக்கிறது. சாப்பாடோ ஆண்டு முழுவதும். பொம்மைக்கு இது தலைகீழ். இயந்திரங்கள் ஆண்டு முழுவதும் ஓடும். விற்பனையில் பெரும்பகுதி கிறிஸ்துமசுக்கு முந்தைய சில மாதங்களில் நடக்கும். நம்மூர்க் கொலு பொம்மைக்காரர் ஆண்டு முழுவதும் வார்த்து நவராத்திரியில் விற்பதைப் போல.

மாதம் ஒரு பங்கு வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பங்கு உற்பத்தி என்று கொள்வோம். அதில் பாதி, அதாவது ஆறு பங்கு, கடைசி மூன்று மாதங்களில் விற்கிறது என்றும் கொள்வோம். செப்டம்பர் முடிவில் உற்பத்தி ஒன்பது பங்கு; விற்றது ஆறு பங்கு; கையிருப்பு மூன்று பங்கு. மூன்று மாத உற்பத்தி கிடங்கில் காத்திருக்க வேண்டும். நாளுக்கு இரண்டரை வீதம், 90 நாளுக்கு 225 களஞ்சியங்கள்!

வாமனர் எங்கே?

இடம் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் நெல்லுக்கும் கட்டைக்கும் உள்ள பெரிய வேறுபாடு வருகிறது. ஒரு நெல்மணிக்குப் பதில் இன்னொரு நெல்மணி போதும். களஞ்சியத்தில் மேலே கொட்டலாம்; கீழே எடுக்கலாம்; எந்த மணி வந்தாலும் கவலை இல்லை. பொம்மைப் பெட்டியிலோ சிவப்புச் சக்கரத்துக்குப் பதில் நீலக் கதவு போட முடியாது. தசாவதாரத்தில் வாமனருக்குப் பதில் இன்னொரு நரசிம்மரை வைக்க முடியாதல்லவா?

ஒவ்வொரு பொம்மையும் தேடும்போது கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று கொள்வோம். மிக நல்ல வீடு! பத்துப் பேரும் தவறாமல் கிடைக்கும் வாய்ப்பு, 0.99-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும் 0.90. பரவாயில்லை. ஒரு கட்டைப் பெட்டிக்கு நூறு வகைத் துண்டுகள் வேண்டும் என்றால்? 0.99-ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை வெறும் 0.37. ஒவ்வொரு வகையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உறுதி என்றாலும், மூன்று பெட்டிகளில் இரண்டு முழுமையடையாமல் நின்றுவிடும். உறுதியை ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாக உயர்த்தினால்தான் 0.90 கிடைக்கும்.

ஆகவே அந்தக் கிடங்குகளில் எதையும் குவிப்பதில்லை. இயந்திரத்திலிருந்து விழும் துண்டுகள் பெட்டிகளில் சேர்கின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வகை மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் கோடுகளாலான அடையாளச் சீட்டு. பல மாடி உயரத் தட்டுகளில், கணினி சொல்லும் இடத்தில், தானியங்கிப் பாரந்தூக்கிகள் அவற்றை வைக்கின்றன. கேட்கும்போது எடுத்துத் தருகின்றன. எந்தப் பெட்டி எங்கே என்பது கணினிக்குத் தெரியும். உங்கள் பாட்டி டிரங்குப் பெட்டியின் மூடியில் சுண்ணாம்புக் கட்டியால் ‘தசாவதாரம்’ என்று எழுதி வைத்தாரே, அதன் பெரிய உருவம்தான் இது.

பெட்டியில் போடும்போது துண்டுகளை இயந்திரம் எண்ணுகிறது. பிறகு பையை எடை போட்டுச் சரிபார்க்கிறது. ஆனால் மிகச் சிறிய துண்டு ஒன்று குறைந்தால் தராசுக்குத் தெரியாது. அதனால் அத்தகைய சிறு துண்டுகளில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். கட்டி முடித்தபின் ஓரிரு சின்னத் துண்டுகள் மீந்தால், ‘எங்கோ விட்டுவிட்டோம்’ என்று பதறாதீர்கள். அது தராசின் எல்லையை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

வகை பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு இந்நிறுவனத்தின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. ஒரே வடிவம் நிறம் மாறினாலும் அது வேறு வகைதான். அதற்கும் தனிப் பெட்டி, தனி இடம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஏழெட்டு ஆண்டுகளில் துண்டு வகைகள் ஏறத்தாழ இரு மடங்காகிப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டின. புது வகை ஒவ்வொன்றுக்கும் விலையுயர்ந்த அச்சு வேண்டும். அச்சை மாற்றும்போதெல்லாம் இயந்திரம் நிற்கும். சில வகைகள் தேங்கும். சில வகைகள் கிடைக்கா. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 2003-லும் 2004-லும் நிறுவனம் பெரும் நட்டம் அடைந்தது. 2004-இல் பொறுப்பேற்ற யோர்கன் விக் க்னுட்ஸ்டோர்ப் செய்த சீர்திருத்தங்களுள் ஒன்று, வகைகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. நிறுவனம் மீண்டும் தலைநிமிர்ந்தது.

ஆறு கட்டைகள்

வகையைக் குறைத்தால் விளையாட்டு சலித்துவிடாதா? கணக்கிடம் கேட்போம்.

ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்க் கட்டைகள் இரண்டு. கீழ்க் கட்டைமேல் மேல் கட்டையை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? இரண்டும் ஒரே திசையில் இருந்தால், நீளவாட்டில் 7 நிலைகள், அகலவாட்டில் 3 நிலைகள், பெருக்கினால் 21. மேல் கட்டையைக் குறுக்காகத் திருப்பினால் ஒவ்வொரு வாட்டத்திலும் 5 நிலைகள், 25. மொத்தம் 46. ஆனால் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் இவற்றில் பல ஒன்றேபோல் இருக்கும். தமக்குத் தாமே ஒத்திருக்கும் இரண்டைத் தவிர மற்ற 44-உம் இரண்டிரண்டாகச் சேர்ந்து 22 ஆகிவிடும். எனவே வெவ்வேறானவை 22 + 2 = 24.

இரண்டுக்கு 24. மூன்றுக்கு 1,560. ஆறு கட்டைகளுக்கு? கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர்கள் துர்ஹூஸ், ஐலர்ஸ் ஆகியோர் கணினியைக் கொண்டு கண்ட விடை: 91,51,03,765. தொண்ணூற்றொரு கோடிக்கும் மேல்! உங்கள் உள்ளங்கையில் அடங்கும் ஆறு கட்டைகள். அவற்றை வினாடிக்கு ஒரு விதமாக இரவு பகல் பாராமல் அடுக்கினாலும் 29 ஆண்டுகள் ஆகும். புதுமை அச்சிலிருந்து வருவதில்லை, சேர்க்கையிலிருந்து வருகிறது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் எத்தனை நூல்களைத் தந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனையும் எங்கே போகும்?

கிடங்கிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு. பிறகு?

1997 பிப்ரவரி 13 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கு முனையருகே ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ என்ற சரக்குக் கப்பலைப் பேரலை ஒன்று தாக்கியது. 62 கொள்கலங்கள் கடலில் விழுந்தன. அவற்றுள் ஒன்றில் சுமார் 48 லட்சம் லெகோ துண்டுகள் இருந்தன. அவற்றில் பல கடல் விளையாட்டுக்கான ஆக்டோபசுகளும் உயிர்காக்கும் சட்டைகளும் என்பது விந்தை! ஆண்டுகள் பல கடந்தும் கார்ன்வால் கடற்கரையில் அவை ஒதுங்கிக்கொண்டே இருக்கின்றன. கடற்கரைகளில் பொறுக்கிய பழைய கட்டைகளைப் பிளிமத் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2020-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். ஒரு கட்டை கடலில் 100 முதல் 1,300 ஆண்டுகள் வரை அழியாமல் இருக்கலாம் என்பதே அது.

கோணாமல், தேயாமல், உடையாமல் இருக்க வேண்டும் என்றுதானே ஏ.பி.எஸ்.ஸைத் தேர்ந்தெடுத்தார்கள்? விளையாட்டில் நன்மையான அதே குணம் குப்பையில் தீமையாகிறது. மாற்றுப் பொருள் தேடும் முயற்சியும் எளிதாக இல்லை. 2018 முதல் செடி, இலை போன்ற மெல்லிய துண்டுகளைக் கரும்பிலிருந்து பெறும் பாலிஎத்திலீனால் செய்கிறார்கள். பழைய தண்ணீர்ப் புட்டிகளின் பிளாஸ்டிக்கில் 2021-இல் மாதிரிக் கட்டை செய்து காட்டினார்கள். ஆனால் அதைப் பெருமளவில் செய்யப் புது இயந்திரங்கள் வேண்டும். மொத்தத்தில் கரிம வெளியீடு கூடிவிடும் என்று கண்டு 2023-இல் அதைக் கைவிட்டார்கள். 0.005 மி.மீ. நுட்பத்தோடு பிடிப்பும் இருக்க வேண்டும், மண்ணுக்கும் கேடு கூடாது. இரண்டையும் தரும் பொருளைக் கண்டுபிடிக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது. உங்களில் ஒருவர் அதைச் செய்யலாம்.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. வாய்க்காலில் நாம் எறியும் கட்டை வெள்ளத்தோடு இவற்றில் ஒன்றில் சேர்ந்து கடலை நோக்கித்தான் போகும். கொள்ளுப்பாட்டியின் கொலு பொம்மையைப் பரணில் வைத்துக் காப்பாற்றி நம் கையில் தந்தார்கள். மண் பொம்மை கீழே விழுந்தால் உடையும். ஆனாலும் நான்கு தலைமுறை காத்தார்கள். உடையாத கட்டையை நாம் நான்கு ஆண்டில் எறியலாமா? விளையாடி முடித்தவர்கள் அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் சிறு துண்டுகளை வாயில் போட்டுக்கொள்வார்கள், அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

செய்து பாருங்கள்

1. பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவியால் ஒரே வகைக் கட்டைகள் பத்தின் நீளத்தை அளந்து எழுதுங்கள். மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் வேறுபாடு எவ்வளவு? இரண்டு வெவ்வேறு நிறுவனக் கட்டைகளை அளந்து ஒப்பிடுங்கள். பொருந்தாமைக்குக் காரணம் நீளத்திலா, குமிழின் விட்டத்திலா?

2. லிட்டர் படி ஒன்றில் கட்டைகளைக் கொட்டி எண்ணுங்கள். பிறகு ஒழுங்காக அடுக்கி எண்ணுங்கள். எத்தனை கூடுதலாகக் கொள்கிறது?

3. இரண்டுக்கு இரண்டு குமிழ்க் கட்டைமேல் அதேபோன்ற இன்னொன்றை எத்தனை நிலைகளில் பொருத்தலாம்? (விடை: 9. சுற்றிப் பார்த்தால் ஒன்றேபோல் தெரிபவற்றை ஒன்றாக எண்ணினால் 3.)

4. இந்த ஆண்டு கொலு முடிந்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பொம்மை எந்தப் பெட்டியில் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வாமனரைத் தேட எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.